அழிக்கத் தெரியாத அக்கா

நாலு வருஷமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று கிடந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் மேலே சிலுவை மட்டும் போட்டு மூடிவைத்தது எத்தனையோ தடவை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் எழுத்துப்பிழை வருமே என்று தயங்கவில்லை. ஒருத்தி எங்கள் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னாள் என்று பேசினேன். இப்போது அவள் வீட்டு விஷயத்தை நான் ஊருக்குச் சொல்லப் போகிறேனே என்றுதான் தயக்கம். அதனால் இதில் யார் பேரும் வராது. அவளை அக்கா என்றே எழுதுகிறேன்.

நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு. வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் மாமா என்போம். பிள்ளைகள் வெளியூரில். அக்கா எப்போது பார்த்தாலும் போனும் கையுமாகத்தான் இருப்பாள். காலையில் முதல் காப்பி நுரையோடு ஸ்டேட்டஸில் வரும். அடுத்து மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அந்தச் சின்ன மெஷின் காட்டும் நம்பர். பிறகு மதியத்துக்கு வெஞ்சனம் என்ன, குழாயில் தண்ணி வந்ததா, எதிர்வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, எல்லாம். ஒருதடவை கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து, அந்தப் பல்லைப் பஞ்சின்மேல் வைத்துப் படம் எடுத்து, ‘முப்பது வருஷம் உழைத்த பல், ஆண்டவருக்கு நன்றி’ என்று போட்டிருந்தாள்.

கருமம் என்று நினைத்தேன். ஆனாலும் பார்த்தேன். அவள் போட்டதைத் தினமும் முதல் ஆளாகப் பார்த்தது நான்தான். அதைச் சொல்லாமல் விட்டால் இது பாதி உண்மையாகிவிடும்.

மாமாவுக்கு இது ஆகாது. அவள் போனைத் தூக்கினாலே தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார். துண்டுக்குள்ளிருந்தே பேசுவார்.

“நான் செத்தாக்கூட முதல்ல ஸ்டேட்டஸ்தான் வரும். அப்புறந்தான் டாக்டரு வருவாரு.”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. இப்பப் பேசுனதையும் சேத்துப் போட்ருவேன்” என்பாள் அக்கா.

பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்தும்போதும் இவள் போன் உயரும். ஒரு ஞாயிறு சாமியார் பொறுக்கமாட்டாமல் பீடத்திலிருந்தே, “அம்மா, ஆண்டவர் இங்க இருக்காரு. அந்தப் பெட்டிக்குள்ள தேடாதீங்க” என்றார். கோவில் முழுக்கச் சிரித்தது. அக்காவுக்கு முகம் சுண்டவில்லை. வெளியே வந்து, “படுத்த படுக்கையா இருக்கவுக பாக்கட்டும்னு எடுத்தேன் சாமி” என்றாள். யார் என்ன கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்: “ஆண்டவர் செஞ்சத மூடி வைக்கக் கூடாதுத்தா. சாட்சி சொல்லணும்.”

பக்தியாகச் சொல்லும்போது அதற்குமேல் என்ன பேசுவது? அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. சாட்சி சொல்கிறவள் தன் வீட்டைச் சொல்லட்டும். அடுத்த வீட்டுக் குழம்புக் கிண்ணம் எதற்கு? நான் கொடுத்தனுப்பிய கோழிக்குழம்பு, நான் வீடு திரும்புமுன் ஸ்டேட்டஸில் ஏறி, ‘நாகல் நகர் தங்கச்சி பாசம்’ என்று வந்துவிட்டது. நாத்தனாருக்குக் கொடுக்காத குழம்பு அடுத்த தெருவுக்குப் போனதா என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு சண்டை.

என் வீட்டுக்காரருக்குக் குடல் ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கிடைக்காமல் அலைந்தோம். அக்கா ஒரு படம் போட்டாள். ஒரு மணி நேரத்தில் நாலு பேர் வந்து நின்றார்கள். அந்த உதவியை நான் மறந்தால் ஆண்டவர் என்னை மன்னிக்கமாட்டார். ஆனால் அந்தப் படத்தில் அவர் மூக்கில் குழாயோடு, சட்டையில்லாமல், வாய் பிளந்து கிடந்தார். பிழைத்து வந்த மனுசன் ஒரு மாதம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. “எல்லாப் பயலும் என்னைய அம்மணமாப் பாத்த மாதிரி இருக்கு” என்றார்.

அதிலிருந்து அவள் போன் இருக்கும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. அதன் முதுகில் மூன்று கண் வேறு. கவிழ்த்து வைத்தால் கண் மேலே பார்க்கும், நிமிர்த்தி வைத்தால் காது கேட்கும் என்று தோன்றும். எங்கள் அன்பியக் கூட்டம், அதாவது தெருக்குடும்பங்கள் பத்துப் பதினைந்து சேர்ந்து வாராவாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்வோமே அது, என் வீட்டில் நடந்த அன்று, அவள் போனை நாற்காலியில் வைத்தவுடன் அதன்மேல் சுண்டல் தட்டை வைத்தேன். ஜெபம் முடியும்வரை எடுக்கவில்லை. அக்கா பார்த்தாள். “போனுக்கும் பசிக்கும்னு வச்சியாத்தா?” என்று சிரித்தாள்.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

மகனுக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம் மருமகள் உண்டானாள். இரண்டு மாதம். மூன்று முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கும் அவளுக்கும் ஒரே பிடிவாதம். நாலு வருஷம் ஊர் அவளைக் கேட்ட கேள்வி கொஞ்சமில்லை. ஒளிந்து ஒளிந்துதான் ஸ்கேன் எடுக்கப் போனோம். போன இடத்தில் முன்வரிசை நாற்காலியில் அக்கா, முழங்கால் படம் எடுக்க வந்தவள், தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் நாங்கள்.

மருமகள் முந்தானையால் முகத்தை மூடினாள். நான் எழுந்து போய், “அக்கா, நாங்க அதுல விழுந்தோமா?” என்றேன்.

அக்கா என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“மூணு மாசம் முடியட்டும்க்கா. உங்க கால்ல வேணாலும் விழுறேன்.”

“நான் யாருகிட்டத்தா சொல்லப் போறேன்” என்றாள், கையில் போனை வைத்துக்கொண்டே. அன்று இரவு வரை அவள் ஸ்டேட்டஸைத் திறந்து திறந்து பார்த்தேன். முழங்கால் எக்ஸ்ரே மட்டும் வந்தது. அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலையில் எங்கள் சேலை நுனியாவது தெரிகிறதா என்றுகூடப் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி, நவநாள் ஜெபத்துக்கு நான் வழக்கமாகப் போகும் அந்தோணியார் கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி கொளுத்தி, விண்ணப்பப் பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். மனசு லேசானது.

பத்து நாள் கழித்து மருமகளுக்கு ஒரு போன். தெரியாத பொம்பளைக் குரல். “வாழ்த்துக்கள்ம்மா, பயப்படாதம்மா, நாங்க செபிக்கிறோம்.” அடுத்த நாள் மூன்று பேர். அதற்கடுத்த நாள் குங்குமப்பூ விற்கிறவன் ஒருவன். மில்லில் என் மகனிடம் சூப்பர்வைசர் கை கொடுத்திருக்கிறார்.

மருமகள் அடுப்படியில் என் முன்னால் வந்து நின்றாள். “அத்தை, நீங்க யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“மாதா சத்தியமா ஒரு மனுசர்கிட்டயும் சொல்லலத்தா.”

மூன்றாம் மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில் அது கலைந்துபோனது. டாக்டரம்மா, இது யாராலும் ஆனதில்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றுதான் சொன்னார். கேட்கும் நிலையிலா நாங்கள் இருந்தோம்? படுக்கையில் கிடக்கிறவளுக்குப் போன் அடிக்கிறது. “இப்ப எத்தனாவது மாசம்மா?” என்கிறது. அணைத்து வைத்தால், திறக்கும்போது மெசேஜ் வந்து விழுகிறது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அவள் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வீடு கொடைரோட்டில்.

“நான் போறேன் அத்தை. இந்த வீட்ல பேசுனா வெளிய கேக்குது.”

அப்போதும் அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்தப் பார்வையில் இருந்தது எனக்குப் புரிந்தது. நான் அவசரமாக அக்கா பேரைச் சொன்னேன். ஸ்கேன் எடுத்த இடத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதானே என்றேன். “ஒரே ஒரு நாள் இரு. வெள்ளிக்கிழமை அன்பியத்துல உன்னைய வச்சுக்கிட்டே கேக்குறேன். அதுக்கப்புறமும் போகணும்னா நானே பஸ் ஏத்திவிடுறேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. பாய் விரித்து இருபது பேர். மருமகள் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா வந்து போனை மடியில் வைத்தாள். நான் எழுந்துவிட்டேன். அதுவரை அவளை நீங்க என்றே கூப்பிட்டவள், அன்றைக்கு நீ என்றேன்.

“உனக்குச் சாட்சி சொல்ல ஊர்ல வேற எதுவும் கிடைக்கலையா? உன் போனால எங்க வீட்டுல ஒரு உசுரு போயிருச்சு.”

அக்கா போனை எடுத்தாள். விரல் நகர்ந்தது, எதையோ தேடியது, நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு என் மருமகளைச் செத்த நேரம் பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“செபமாலைய ஆரம்பிங்க” என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மறுத்துப் பேசவில்லையே, அப்போது செய்திருக்கிறாள் என்று அத்தனை பேரும் முடிவு கட்டினார்கள். முதலில் முடிவு கட்டியது நான். அன்று இரவு மருமகள் பையிலிருந்து துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் காலையில் அக்காவின் காப்பி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அன்பியத்துக்கும் அவள் வரவில்லை. எதையோ புதிதாக ஒளிக்கிறாளோ என்றுதான் அதற்கும் நினைத்தேன்.

ஐந்து மாதம் போனது. ஒருநாள் மருமகள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. நான் எடுத்தேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு அம்மா.

“ஏனுங்க, பாப்பா பொறந்துருச்சுங்களா? இருதயத்துல ஓட்டைன்னு போட்டிருந்துச்சுங்க. நாங்க தெனமும் செபமாலையில சேத்துக்கறமுங்க.”

யார் பாப்பா, எந்த இருதயம் என்று எனக்குப் புரியவில்லை. “எங்கம்மா போட்டிருந்துச்சு? அத எனக்கு அனுப்புங்க” என்று என் நம்பரைச் சொன்னேன். வந்தது.

ஒரு சீட்டின் படம். மேலே சிலுவை. கீழே என் கையெழுத்து.

அந்தோணியார் கோவில் சீட்டு அச்சடித்தது. பெயர், முகவரி, போன், விண்ணப்பம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கட்டம் இருந்தால் காலியாக விடக் கூடாது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேஷன் மனுவை எப்படி நிரப்புவேனோ அப்படியே நிரப்பியிருந்தேன். மருமகள் பேர், வயது, கதவு நம்பர், தெரு. என் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது என்று அவள் நம்பரையே எழுதியிருந்தேன். புனிதர் போன் பண்ணுவாரா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில், ‘இரண்டு மாதம், நல்லபடியாகத் தங்க வேண்டும். மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் தெரியக் கூடாது’ என்று எழுதி, அதில் ‘யாருக்கும்’ என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

அந்தச் சீட்டை யாரோ நல்ல மனசோடுதான் படம் பிடித்து ஜெபக்குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து குரூப் குரூப்பாகப் போயிருக்கிறது. போகப் போகக் கீழே ஆளுக்கு ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ஒரு இடத்தில் இரட்டைப் பிள்ளை. ஒரு இடத்தில் இருதயத்தில் ஓட்டை. ஒரு இடத்தில் யாரோ பெற்ற குழந்தையின் படம். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம் என்று ஒன்று.

நான் அதை ஒளித்துவைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மருமகளிடம் சொன்னால் போய்விடுவாள். அக்காவிடம் சொன்னால் அவள் போனை எடுத்து ஊருக்கே சாட்சி சொல்லிவிடுவாள். அப்போதுகூட என் புத்தி அவளைச் சந்தேகப்படத்தான் போனது. ஒரு வருஷம், கோவிலில் நற்கருணை வாங்கும் வரிசையில் நிற்காமல், பின்தூண் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு ஒருநாள் பேகம்பூரில் சீரகச்சம்பா வாங்கப் போனேன். கடைக்கார பாய் எடை போட்டுக்கொண்டே, “என்னம்மா, கண்டக்டர் அண்ணன் மௌத்தாயி மூணு நாளாச்சாம்ல. ஒருத்தரும் சொல்லலையே” என்றார்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள் நான். பேகம்பூருக்கு வந்துதான் எனக்குத் தெரிகிறது. அரிசியைக் கடையிலேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் பத்துப் பேர்கூட இல்லை. பிள்ளைகள் மட்டும் வந்திருந்தார்கள். அக்கா வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை. அது ஃப்ரிட்ஜின்மேல் தூசி படிந்து கிடந்தது.

“யாருக்கும் தெரியலையேக்கா” என்றேன். “ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல.”

“போட எடுத்தேன்த்தா. எப்பவும் துண்ட வச்சு மூடிக்குவாருல்ல. அன்னிக்கு மூடாமக் கிடந்தாரு. எடுக்க மனசு வரல.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் போனைத் திறந்து அந்தச் சீட்டைக் காட்டினேன். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இது எனக்கு மொத நாளே வந்துருச்சு. அம்புட்டு ஜெபக்குரூப்புலயும் நான் இருக்கேன்ல. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? சுண்டல் தட்டுல கூட சிலுவை போடுறவ நீ.”

“அன்னிக்கு அன்பியத்துல…”

“கையில எடுத்துட்டேன். காட்டலாம்னுதான் எடுத்தேன். உன் மருமக மூஞ்சியப் பாத்தேன். அது பையக் கட்டி வச்சிட்டு வந்தவ மூஞ்சி. காட்டிருந்தா அன்னிக்கே கொடைரோட்டுக்குப் பஸ் ஏறிருப்பா. என்னைய வஞ்சதால எனக்கு என்ன? என் வீட்ல யாரு போகப் போறா?”

சொல்லிவிட்டு மாமாவின் நாற்காலியைப் பார்த்தாள்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “பெறகு ஏங்க்கா இத்தனை நாளா அத போன்ல வச்சிருந்தீங்க?” என்று கேட்டேன்.

“அழிக்கத் தெரியாதுடி எனக்கு. போடத்தான் தெரியும்.”

அவள் போனுக்குச் சார்ஜ் ஏற்றி, என் கையிலேயே கொடுத்தாள். நான் தேடினேன். பதினொரு குரூப்பில் என் சீட்டு இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அக்கா எழுதியிருந்தாள்: ‘இத யாருக்கும் அனுப்பாதீங்க, அந்தப் புள்ள பாவம்.’ அதற்குக் கீழே ஆமென், ஆமென் என்றும், கும்பிடும் கைகளுமாகப் பதில் வந்து கிடந்தது. ஒருவர்கூட அதைப் படித்ததாகத் தெரியவில்லை. பதினொன்றையும் அழித்துக் கொடுத்தேன். அவள் போனிலிருந்து அழிந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மருமகளிடம் போனில் அந்தச் சீட்டைக் காட்டினேன். படித்தாள். கத்தவில்லை. “இத ஒரு வருஷமா வச்சிருந்தீங்களா அத்தை?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. நான் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அலமாரிமேல்தான் இருந்தது. பத்தாம் நாள், “அந்தப் பெரியம்மா நம்பரக் குடுங்க” என்று வாங்கிப்போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். காதை வைக்கப் போனவள், பிறகு கொல்லைப் பக்கம் போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்பியத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். பாதிப்பேர், ஊரைவிட்டுப் போனவளுக்காக நான் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தார்கள். அதற்குள் அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போயிருந்தாள். இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது போனை நீட்டினால், அவளை மாதிரி பண்ணாதே என்று சொல்கிறார்கள். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அந்த நோட்டை எடுத்தேன், மூடினேன். இப்போது எழுதிவிட்டேன்.

அதற்குப்பின் உங்கள் வீட்டில் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். அதை எழுதமாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது எழுதியிருக்கிறபடியே கொடுங்கள். கீழே ஒரு வரி சேர்க்காதீர்கள், படம் ஒட்டாதீர்கள், இது எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரித்து எழுதாதீர்கள். அனுப்பினால் ஆசீர்வாதம் என்று என் பேரில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அக்கா செய்யாததைச் செய்ததாகச் சொன்னது நான், செய்தது நான், அது மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும்.

அந்தச் சீட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம்கூட ஒருவர் போன் செய்தார். உங்களுக்கும் ஒருநாள் வரலாம். வந்தால் எங்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, உங்களோடு நிறுத்திவிடுங்கள். அடையாளம் சுலபம். மேலே சிலுவை இருக்கும். கட்டம் ஒன்றுகூடக் காலியாக இருக்காது.